கோழி மேய்ச்சாலும்... வேலை தேடிய எம்மவர் கதை

"கோழி மேய்ச்சாலும் கொறணமேந்தில மேய்க்க வேணும்" என்பது யாழ்ப்பாணத்தவர் வாயில் பல தலைமுறையாக இருந்துவரும் பேச்சு. கொறணமேந்து என்றால் அரசாங்கம் என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டும். பெரியவர்களுக்குத் தேவையில்லை. கேட்டுவிட்டுச் சிரிப்போம். ஆனால் அந்த ஒரு வரிக்குள்ளே எம்மவர் நூற்றைம்பது வருடமாக வேலை தேடி அலைந்த கதை முழுவதும் இருக்கிறது. ஆறில்லாத மண், மழையை நம்பிய வயல், கிணற்றை நம்பிய தோட்டம். அப்படிப்பட்ட இடத்திலே மாதம் முடிந்தால் சம்பளமும், வயது போனால் பென்சனும் தருகிற உத்தியோகம் ஒன்று கிடைத்தால் அது குடும்பத்துக்கு வற்றாத கிணறு ஒன்று வெட்டினதுக்குச் சமன்.

இந்தப் புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் என்று சங்கத்தவர் கேட்டபோது இதைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். காரணம், இந்த வருடம் புரோசார்டிலும் சுற்றுவட்டாரத்திலும் எனக்குத் தெரிந்த வீடுகளிலேயே நாலைந்து பேர் வேலை இல்லாமல் இருக்கிறார்கள். "எத்தினை இடத்துக்குப் போட்டாச்சு. ஒருத்தனும் கூப்பிடுறானில்லை" என்பதுதான் கேட்கிற பேச்சு. சிலர் அதைக்கூடச் சொல்வதில்லை. கோயிலுக்கு வருவதில்லை, கலியாண வீட்டுக்கு வருவதில்லை, ரெலிபோன் எடுத்தால் "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறார்கள்.

நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன் அல்ல. உயர்தரத்தோடு படிப்பு நின்றது. இப்போது தொழிற்சாலை வேலை. ஆனால் எனக்கும் எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தது. அந்தக் காலத்தில்தான் இந்த வரலாறுகளைத் தேடி வாசித்தேன். வேலை கிடையாத காலத்தில் ஒரு மனிதனை விழாமல் பிடித்து வைத்திருந்தது எது என்பதே என் கேள்வி. "மனத்தைத் தளர விடாதை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொன்னவுடனே மனம் நிற்குமா? முந்திய ஆட்களுக்கு அது எப்படி நின்றது என்று பார்ப்போம்.

மலாயாவில் பதினொரு மாதம்

1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். அதைச் சுற்றி ஊரூராகப் பள்ளிக்கூடங்கள் வந்தன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலம் எழுத வாசிக்கத் தெரிந்த, கணக்குத் தெரிந்த இளைஞர் பலர் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஏற்ற வேலை ஊரில் இருக்கவில்லை. படித்த பிள்ளை வேலை இல்லாமல் திண்ணையில் குந்தியிருக்கிற காட்சி இன்று நேற்று வந்ததல்ல.

அந்த நேரம் மலாயாவில் ஆங்கிலேயர் வெள்ளீயச் சுரங்கங்களுக்காக றெயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1885இல் தைப்பிங்கிலிருந்து போட் வெல்ட் துறைமுகம் வரை முதலாவது பாதை திறக்கப்பட்டது. பாதை போட இலங்கையிலிருந்து ஆட்கள் போனார்கள். பாதை வந்தபிறகு ஸ்ரேசன் மாஸ்ரர் வேண்டும், கிளாக்கர் வேண்டும், நில அளவைக்கு ஆள் வேண்டும், ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பொடியள் கப்பல் ஏறினார்கள்.

எல்லோரும் நியமனக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகவில்லை. முதலில் ஒருவர் போவார். அவருக்கு வேலை கிடைத்ததும் தம்பியை எடுப்பார், பிறகு மைத்துனர், பிறகு பக்கத்து வீட்டுப் பொடியன். வந்தவர்கள் வேலை கிடைக்கும்வரை அவர் வீட்டில், அல்லது சமறியில் இருப்பார்கள். சமறி என்றால் கலியாணம் ஆகாத பொடியள் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு இருக்கிற வீடு.

என்ர அம்மம்மாவின் தகப்பனும் 1910களில் அப்படிப் போனவர்தான். சிரம்பானில் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் பதினொரு மாதம் வேலை இல்லாமல் இருந்தாராம். அம்மம்மா அந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு விசயத்தை விடாமல் சொல்வா. அந்தப் பதினொரு மாதமும் வீட்டுக் கணக்கு எழுதினது அவர்தான். அரிசி எவ்வளவு, விறகு எவ்வளவு, ஆர் எவ்வளவு குடுத்தது, ஆர் குடுக்க வேணும் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். ஊருக்குக் கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதமும் எழுதிக் கொடுப்பார். "அப்பு ஒரு நாளும் சும்மா இருந்து சாப்பிட்டதில்லை எண்டு பெரியப்பு சொல்லுவார்" என்பா. அந்தக் கொப்பியைப் பார்த்த ஒருவர்தான் கடைசியில் தன்னுடைய ஒப்பீசில் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சமறி வாழ்க்கையிலிருந்துதான் சங்கங்களும் வந்தன. சிலாங்கூர் இலங்கைத் தமிழர் சங்கம் 1900இல் தொடங்கியது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் கந்தசுவாமி கோயிலைக் கட்டினதும் அந்தச் சனம்தான். கும்பிட வந்த இடத்திலேயே எந்தக் கந்தோரில் இடம் காலி என்ற கதையும் நடந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கள் கோயில் வாசலிலும் இன்றைக்கு அதுதானே நடக்கிறது.

எங்கள் நகரத்திலேயே ஒரு வேலையில்லாக் காலம்

மலாயாக் கதை இப்படிப் போய்க்கொண்டிருக்க, 1929 ஐப்பசியில் நியூயோர்க் பங்குச் சந்தை விழுந்தது. அதோடு உலகம் முழுக்க வேலை போனது. றப்பர் விலையும் வெள்ளீய விலையும் விழுந்ததால் மலாயாவில் அரசாங்கம் ஆட்களைக் குறைத்தது. தோட்டங்களில் இருந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

கனடாவிலும் அதே நிலைமைதான். 1933இல் இந்த நாட்டில் வேலை செய்யக்கூடிய நாலு பேரில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை. துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பியிருந்த மொன்றியல் மோசமாக அடிபட்டது. சூப் வாங்க வரிசையில் நின்ற ஆட்களில் முந்தநாள்வரை தச்சு வேலையும் இரும்பு வேலையும் செய்தவர்கள் இருந்தார்கள். குடியேறி வந்தவர்களுக்கு அதைவிடப் பயம் ஒன்று இருந்தது. நிவாரணம் கேட்டால், "பொதுப் பணத்தில் வாழ்கிறவர்" என்று சொல்லி நாடுகடத்தலாம். 1930க்கும் 1935க்கும் இடையில் அப்படி ஆயிரக்கணக்கானோரைக் கனடா திருப்பி அனுப்பியது. இன்றைக்கு "வெல்பெயார் எடுத்தால் கேஸுக்குப் பிழையோ" என்று எங்கடை சனம் பயந்து பயந்து கேட்பதை நினைத்துப் பாருங்கள். பயம் பழையதுதான்.

மொன்றியல் நகரம் வேலை இல்லாத ஆட்களை நிவாரண வேலைகளில் போட்டது. சனி ஞாயிறில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோமே, மொன்றியல் தாவரவியல் பூங்கா, அது அப்படி உருவானதுதான். பிரதர் மாரி விக்ரோறன் என்ற துறவி வருடக்கணக்காக அந்தப் பூங்காவைக் கேட்டு அலைந்தார். 1931இல் நகரசபை சம்மதித்தது. அப்போது மேயர் கமிலியன் ஹூட். பிறகு பணம் இல்லை என்று வேலை நின்றது. 1936இல் வேலையற்றோருக்கான நிவாரணத் திட்டத்தின் கீழ் மறுபடி மும்முரமாகத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் மண்வெட்டியோடும் தள்ளு வண்டியோடும் அந்த நிலத்தைக் கொத்தி, குளம் வெட்டி, பாதை போட்டார்கள். மவுண்ட் றோயல் மலையில் இருக்கிற பீவர் லேக் குளமும் 1938இல் வேலையில்லாதோரைக் கொண்டு உருவாக்கினதுதான்.

இதை இனிப்பாகச் சொல்ல நான் விரும்பவில்லை. நிவாரணக் காசு சொற்பம், வேலை முதுகை முறிக்கிற வேலை. கலியாணம் ஆகாத ஆண்களைக் காட்டு முகாம்களுக்கு அனுப்பி நாளுக்கு 20 சதம் கொடுத்தார்கள். 1935 ஆனியில் அந்த முகாம்களின் ஆட்கள் வான்கூவரிலிருந்து சரக்கு றெயில்களில் ஏறி ஒட்டாவாவுக்குக் கேட்கப் புறப்பட்டார்கள். ஆடி 1ஆம் திகதி றெஜைனாவில் பொலிசார் அவர்களை அடித்துக் கலைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு நாட்டின் யோசனை மாறத் தொடங்கியது. வேலை இல்லாதது ஆளின் சோம்பல் அல்ல, அது எவருக்கும் வரக்கூடிய விபத்து என்று ஒத்துக்கொண்டு 1940இல் வேலையின்மைக் காப்புறுதிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1941இல் அது நடைமுறைக்கு வந்தது. 1996இல் பெயர் மாறினாலும், எங்கள் ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் வெட்டுப்படுகிற காசு அதுதான். ஆகவே லே-ஓஃப் ஆனபிறகு அதை எடுக்க வெட்கப்படத் தேவையில்லை. அது பிச்சையல்ல, எங்கள் சம்பளத்தில் நாங்களே கட்டின காசு.

மணிக்கூடு கட்டாத ஊர்

அதே வருடங்களில் ஒஸ்ரியாவில் வியன்னாவுக்குக் கிட்ட மரியந்தால் என்று ஒரு சின்ன இடம். ஊர் முழுக்க ஒரு நெசவாலையை நம்பியிருந்தது. 1929க்கும் 1930க்கும் இடையில் அந்த ஆலை மூடப்பட்டது. ஊரில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் வேலை போனது. மாரி யஹோடா, போல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூன்று இளம் ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் அங்கே போய் அந்தச் சனத்தோடு பழகி எழுதின நூல் 1933இல் வந்தது. வேலையின்மை மனிதனை என்ன செய்யும் என்பதற்கு இன்றும் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அவர்கள் கண்ட விசயங்கள் எனக்கு மயிர்க்கூச்செறிய வைத்தன. வேலை இல்லை, ஆகவே வாசிக்க நேரம் நிறைய இருக்கும் என்று நாங்கள் நினைப்போம். ஆனால் அந்த ஊர் நூலகத்தில் புத்தகம் எடுக்கிறது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. வீதியில் ஆம்பிளையள் எவ்வளவு வேகத்தில் நடக்கிறார்கள் என்று ஜன்னலுக்குப் பின்னால் நின்று அளந்து பார்த்தார்கள். அவர்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெரும்பாலான ஆம்பிளையள் மணிக்கூடு கொண்டு திரிவதையே விட்டுவிட்டார்கள். நேரம் பார்த்து என்ன செய்ய? "காலமை எழும்பினன், பிறகு மத்தியானம் ஆச்சு" என்கிற மாதிரித்தான் நாள் போனது.

பெண்கள் அப்படி இல்லை. அவர்களுக்கும் ஆலை வேலை போனதுதான். ஆனால் அடுப்பு இருந்தது, பிள்ளை இருந்தது, பழைய உடுப்பை வெட்டித் தைக்க வேண்டியிருந்தது. அவர்கள் வீதியில் நிற்கவில்லை, விறுவிறென்று போனார்கள். நேரம் அவர்கள் கையை விட்டுப் போகவில்லை. இது எங்கள் வீடுகளிலும் தெரிந்த விசயம்தான். அதற்காகப் பெண்களின் பாரம் குறைந்தது என்று அர்த்தமில்லை, கூடினது என்றுதான் அர்த்தம்.

குடும்பங்களை வகை பிரித்துப் பார்த்தபோது பெரும்பகுதி எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கினவர்கள். ஒரு பகுதி முற்றாக உடைந்தவர்கள். ஆனால் உடையாத குடும்பங்களும் இருந்தன. அவர்கள் வீட்டை ஒழுங்காக வைத்திருந்தார்கள், வேலை தேடுவதை விடவில்லை, அடுத்த வருடத்தைப் பற்றிக் கதைத்தார்கள். காசும் மனத்தோடு சேர்ந்தே போனது: கையில் காசு குறையக் குறைய உடைகிற வீடு கூடினது. சும்மா மனவலிமை என்று சொல்லி விட்டுவிட முடியாது என்பதை அந்த ஆராய்ச்சி அப்போதே காட்டிவிட்டது. இன்னொன்றும் கண்டார்கள். உருளைக்கிழங்கு போட வேண்டிய சின்னத் தோட்டத் துண்டுகளில் சிலர் பூக்கன்று வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்கே கஷ்டம், ஆனாலும் பூ. அதை வீண்செலவு என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

மாரி யஹோடா பிறகு 1936இல் தன்னுடைய நாட்டிலே சிறை வைக்கப்பட்டு, 1937இல் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்ற நிபந்தனையில் விடப்பட்டு, இங்கிலாந்துக்கு அகதியாகப் போனவ. மற்ற இருவரும் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எங்களைப் போல ஆட்கள்தான். வேலை சம்பளத்தைவிட ஐந்து விசயத்தைத் தருகிறது என்று யஹோடா பின்னாளில் எழுதினா: நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர் தொடர்பு, பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், ஒரு மதிப்பு, கைக்கு வேலை. வேலை போனால் இந்த ஐந்தும் சேர்ந்தே போகும். சம்பளம் போனது மட்டும்தான் எங்கள் கண்ணுக்குத் தெரியும்.

உயர்தரம் படித்தவர்களின் கதை

திரும்ப எங்கள் நாட்டுக்கு வருவோம். கொறணமேந்து உத்தியோகத்தை நம்பியிருந்த தமிழருக்கு 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. சிங்களத்தில் தேர்ச்சி இல்லாவிட்டால் பதவி உயர்வு இல்லை, புதிதாகச் சேரவும் வழியில்லை என்றாகிப் பலர் வேலையை விட்டு வந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. படித்தால் வேலை என்ற பாதை இரண்டு பக்கத்தாலும் அடைபட்டது. பிறகு நடந்தவை நாங்கள் எல்லோரும் அறிந்தவை.

இதிலே நாங்கள் அதிகம் பேசாத பக்கம் ஒன்று உண்டு. அதே காலத்தில் தெற்கிலும் படித்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேலை இல்லை. 1971 சித்திரையில் நடந்த கிளர்ச்சியில் பெரும்பாலும் அப்படிப்பட்ட இளைஞர்தான் நின்றார்கள். அந்த வருடம் சர்வதேசத் தொழில் தாபனம் டட்லி சீயர்ஸ் என்பவர் தலைமையில் ஒரு குழுவை இலங்கைக்கு அனுப்பியது. பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு ஊட்டிய எதிர்பார்ப்பும் நாட்டில் இருக்கிற வேலையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதே அவர்கள் அறிக்கையின் சாரம். உயர்தரத்தோடு நின்ற என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல். வேலை இல்லாமல் இருந்த எங்கடை மாமன்மார், அண்ணன்மார் மொக்கர் அல்ல, சோம்பேறிகளும் அல்ல. நாட்டின் கணக்கே பிழைத்திருந்தது.

155 பேரும் கோப்பை கழுவினவர்களும்

1986 ஆவணி 11ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழரை மீன்பிடிக் கப்டன் கஸ் டோல்ற்றன் கண்டு காப்பாற்றினார். அரசாங்கம் அவர்களுக்கு ஒரு வருட அனுமதி கொடுத்தது. அவர்கள் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து உறவினர், தெரிந்தவர் வீடுகளில் சேர்ந்தார்கள். அதற்கு முந்தியும் பிந்தியும் மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கினவர்கள் எத்தனையோ பேர்.

1977இல் வந்த 101ஆம் சட்டத்தின்படி இங்கே வேலை மொழி பிரெஞ்சு. எங்கடை ஆட்களுக்கு அது தெரியாது. ஊரில் வாத்தியாராக இருந்தவரும், வங்கியில் இருந்தவரும் றெஸ்ரோறன்ற்களில் கோப்பை கழுவினார்கள். சிலர் ஷாபானெல் வீதித் தையல் ஆலைகளுக்குப் போனார்கள், சிலர் இரவில் கந்தோர் துப்பரவாக்கினார்கள். கோத்-டெ-நேஜ், பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதிகளில் ஒரு அப்பாட்மென்றில் ஆறு ஏழு பேர் இருந்தார்கள். மலாயாச் சமறி மறுபடி வந்தது. "அண்ணை, எங்கடை இடத்தில நாளைக்கு ஒரு ஆள் வேணுமாம்" என்ற ஒரு வரிதான் அன்றைய வேலைவாய்ப்புக் கந்தோர். 1990களின் தொடக்கத்தில் கியூபெக்கில் நூற்றுக்கு 13 பேர்வரை வேலை இல்லாமல் இருந்த காலத்திலும் அந்த வரி வேலை செய்தது.

ஆனால் ஒரு குறையும் உண்டு. ஒருவர் இழுத்து ஒருவர் போனதால் எல்லோரும் ஒரே மாதிரி வேலைக்குள் போனார்கள். 2005 தை 1ஆம் திகதி உலக உடுப்பு வியாபாரத்தில் இருந்த கோட்டா முறை முடிந்தது. மொன்றியல் தையல் ஆலைகள் அதற்கு முன்னமே ஆட்டம் கண்டிருந்தன, பிறகு ஒன்றொன்றாக மூடுப்பட்டன. மரியந்தால் மாதிரி, ஒன்றையே நம்பியிருந்தவர்கள் சேர்ந்தே விழுந்தார்கள்.

அமெரிக்காவில் மார்க் கிரனோவெற்றர் என்ற சமூகவியலாளர் 1970களில், ஆட்களுக்கு வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்டுப் பார்த்தார். நெருங்கின சொந்தத்தைவிட, இடைக்கிடை சந்திக்கிற பழக்கக்காரர் மூலம்தான் கூடப் பேருக்குச் செய்தி வந்திருந்தது. யோசித்தால் நியாயம்தான். எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்த இடம் எங்களுக்கும் தெரியும். பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற வேறு நாட்டுத் தகப்பனுக்குத் தெரிந்த இடம்தான் எங்களுக்குத் தெரியாது.

கடிதம் ஏன் திரும்பவில்லை?

கியூபெக் மனித உரிமை ஆணைக்குழு 2012இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. செய்தவர் போல் ஈட் என்பவர். மொன்றியல் பகுதியில் ஒரே தகுதி உள்ள இரண்டு இரண்டு விண்ணப்பங்களை ஒரே வேலைக்கு அனுப்பினார்கள். ஒன்றில் திராம்ப்ளே, பெலான்ஜே போன்ற இந்த ஊர்ப் பெயர். மற்றதில் சான்செஸ், பென் சயிட், திராவோறே போன்ற பெயர். இந்த ஊர்ப் பெயர்க்காரருக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைந்தது 60 வீதம் கூட. மற்றவர்கள் ஏறத்தாழ மூன்று தடவையில் ஒரு தடவை பெயருக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கலாம் என்பது முடிவு. எங்கடை நீட்டுப் பெயர்களுக்கு என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதை நான் சொல்வது மனம் சோருவதற்கல்ல. பதில் வராத ஒவ்வொரு கடிதமும் "நீ உதவாதவன்" என்று சொல்வதாக எடுக்க வேண்டாம் என்பதற்காக. நியாயமில்லாத ஒரு கணக்கு நடக்கிறது. அதனால் நாங்கள் கூடக் கடிதம் போட வேண்டியிருக்கிறது. கணக்கைத் தெரிந்தவனுக்குப் பதில் வராத நாள் கொஞ்சம் லேசாகக் கழியும்.

2023 ஐப்பசியில் நான் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டது. எட்டு மாதத்தில் 64 இடத்துக்குப் போட்டேன். மூன்று இடத்திலிருந்து பதில் வந்தது. மார்கழி, தை மாதங்களில் நானும் மரியந்தால்காரன்தான். பதினொரு மணிக்கு எழும்புவன், சாரத்தோடு ஜன்னலில் நிண்டு சினோவைப் பாத்துக்கொண்டிருப்பன். மனிசி வேலைக்குப் போய் வரேக்கையும் அந்த ஜன்னலடிதான். ஒரு நாள் எங்கடை வீதியில இருக்கிற அண்ணை ஒருத்தர், அவருக்கும் வேலை போயிருந்தது, வந்து கதவைத் தட்டினார். "தம்பி, செவ்வாய், வியாழன் ஒன்பது மணிக்கு லைப்ரரிக்கு வா. நாலு பேர் இருக்கிறம். ஆளுக்கு மூண்டு விண்ணப்பம். முடிச்சுப்போட்டுத்தான் கோப்பி." அவ்வளவுதான். அவர் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நாலு பேரில் ஒரு தங்கச்சிக்குப் பிரெஞ்சு நல்லாய் வரும். அவ எல்லாற்ற கடிதத்தையும் திருத்துவா. எனக்குக் கொம்பியூட்டர் ஓடும், நான் படிவங்களை நிரப்புவன். அண்ணைக்கு ஆட்களைத் தெரியும். எனக்கு அந்த நூலகத்தில ஒவ்வொரு கிழமையும் ஒரு புத்தகம் எடுக்கிற பழக்கமும் வந்தது. ஆனியில் எனக்கு வேலை கிடைத்தது. சொன்னது எங்கடை ஆள் அல்ல, பின்னேரப் பிரெஞ்சு வகுப்பில் பக்கத்து மேசையில் இருந்த கொலம்பியா நாட்டு மனிசன். அண்ணைக்கு இன்னும் இரண்டு மாதம் எடுத்தது. நாலு பேரில் ஒருவருக்கு இன்றும் நிரந்தர வேலை இல்லை, ஏஜென்சி மூலம்தான் ஓடுது. ஒழுங்காய் இருந்தால் கட்டாயம் வேலை கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் உடையாமல் இருக்கிறார். செவ்வாய்க்கிழமைக்கு இப்பவும் வாறார்.

வாசகர்களுக்கு

சிரம்பான் கணக்குக் கொப்பி, தாவரவியல் பூங்கா மண்வெட்டி, மரியந்தால் பூக்கன்று, மொன்றியல் அப்பாட்மென்ற், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரு விசயம்தான் தெரிகிறது. வேலை இல்லாத காலத்தில் தனியே மனத்தைப் பிடித்து நின்றவர்கள் குறைவு. நாளுக்கு ஒரு ஒழுங்கும், இருக்கிற இடத்தில் ஒரு பொறுப்பும், கதவைத் தட்ட ஒரு ஆளும் இருந்தவர்கள்தான் நின்றார்கள். இந்த மூன்றையும் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கலாம். அதற்குக் காசு தேவையில்லை.

ஆகவே வேலை தேடுகிறவர்களுக்கு: மணிக்கூட்டைக் கழற்ற வேண்டாம். எழும்பிற நேரத்தை மாற்ற வேண்டாம். பிரெஞ்சு வகுப்பை விட வேண்டாம், அங்கேதான் புதுப் பழக்கம் வரும். காப்புறுதிக் காசுக்கு உடனே எழுதுங்கள். வீட்டில் கணக்கைப் பாருங்கள், சமையுங்கள், பிள்ளைகளைப் படிப்பியுங்கள். பக்கத்து வீட்டுப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்.

வேலை இருக்கிறவர்களுக்கு: கண்ட இடத்தில் "இன்னும் வேலை கிடைக்கேல்லையோ?" என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் கோயிலுக்கும் வாறேல்லை. உங்கள் தொழிற்சாலைக் கதவில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தால் அதை எழுதிக்கொண்டு வந்து சங்கத்தில் கொடுங்கள். செவ்வாய், வியாழன் வட்டத்தைச் சங்கமே எடுத்து நடத்தினால் நல்லது என்று இம்மலர் மூலம் கேட்டுக்கொள்கிறேன். பிரெஞ்சு தெரிந்த இளம் பிள்ளைகள் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் தந்தால் போதும்.

வருடப் பிறப்பன்று பெரியவர்கள் கையால் கைவிசேஷம் வாங்குவது எங்கள் வழக்கம். இந்த வருடம் வேலை தேடுகிற ஒரு வீட்டுக்குப் போகும்போது வெற்றிலையோடும் காசோடும் ஒரு விலாசத்தையும், ஒரு ரெலிபோன் நம்பரையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.